ஓ.பி. சீட்டில் மூன்று சீல்

காது மூக்கு தொண்டைப் பிரிவின் ஓ.பி. அறையில் இரண்டு மேசைகள் உண்டு. ஒன்றில் குரு உட்காருவார், மற்றதில் சீடர். குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தாறு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதெல்லாம் சகஜம்.

குருவின் பெயர் ஜுலைகா. உதவிப் பேராசிரியர். சீடரின் பெயர் சூசைமாணிக்கம். பதினெட்டு வருஷம் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பிரசவம், பாம்புக்கடி, கல்யாண வீட்டு வயிற்றுப்போக்கு என்று எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்தவர். ஊசி டாக்டர் என்ற பெயரோடு ரிட்டயர் ஆகக் கூடாது என்று மேல்படிப்புக்கு வந்தார். வந்த இடத்தில் தங்கை வயதுப் பெண்ணை மேடம் என்று கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டார். அவர் பதிலுக்கு இவரை சார் என்று கூப்பிட்டார். இருவருக்கும் அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று தாலுகாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே வராந்தாவில் நூறு பேர் நிற்பார்கள். ஒரு மணிக்குள் அது இருநூறு ஆகிவிடும். காதுக்குள் பூச்சி போனவர், மூக்கில் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்ட குழந்தை, மூன்று மாதமாகச் சளி என்கிறவர், சளியெல்லாம் இல்லை, சும்மா ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்கிறவர். யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் மறுநாள் துணைக்கு ஒரு ஆளோடு வருவார்.

ஜுலைகா நோயாளியைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தலையைத் தடவிப் பார்ப்பார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். காதுவலி என்று வந்தால், வலிக்காத காதைத்தான் முதலில் பார்ப்பார். வலிக்காத காதை எதற்குப் பார்ப்பது என்று சூசைமாணிக்கம் முதல் நாளே கேட்டார். அந்த மனிதருக்கு நல்ல காது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா என்று ஜுலைகா திருப்பிக் கேட்டார்.

காதுக்குப் பிறகு மூக்கு. பிறகு நாக்கை ஒரு துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு, நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். காட்டாவிட்டால் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிடும். சூடு அதிகமாகிவிட்டதா என்று தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியின் தொண்டைக்குள் விடுவார். "ஈ" என்று சொல்லச் சொல்வார். கடைசியாக எழுந்துபோய்ப் பின்னால் நின்று கழுத்தை இரண்டு கையாலும் தடவுவார். ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம் ஆகும்.

சூசைமாணிக்கம் அந்த வரிசையை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். கையில் பழைய வேலைக்காரனின் பதமும் இருந்தது. ஜூலை மாதம் முழுக்க ஒழுங்காகப் பார்த்தார். அவர் மேசைக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு மணிக்கு முடிய வேண்டிய ஓ.பி. மூன்று மணிக்கு முடிந்தது. அதற்கு மேல் வார்டுக்குப் போக வேண்டும், பாடம் படிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் பாடம் படிப்பது லேசான காரியம் இல்லை. ஒரு பக்கம் ஏறினால் இரண்டு பக்கம் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட அவரைப் படுத்தியது எழுதுவதுதான். தலை, கண், காது, மூக்கு, தொண்டை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இயல்பு' என்று எழுத வேண்டும். ஒரு சீட்டில் ஐந்து தடவை. நூறு சீட்டு. கை வலித்தது. உண்மையிலேயே கை வலித்தது.

ஆகவே ஜூலைக் கடைசியில், ஆஸ்பத்திரிக்கு எதிரே நோட்டரி வக்கீல்களுக்கும் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் சீல் செய்துகொடுக்கிற கடையில் அவரும் ஒன்று செய்துகொண்டார். ஆங்கிலத்தில் இரண்டு வரி. தலை, கண், காது, மூக்கு, தொண்டை பரிசோதிக்கப்பட்டன. குறை எதுவும் இல்லை.

முதல் வாரம் பார்த்துவிட்டுக் குத்தினார். இரண்டாம் வாரம் குத்திவிட்டுப் பார்த்தார். மூன்றாம் வாரத்திலிருந்து, நோயாளி எந்த இடத்தைக் காட்டுகிறாரோ அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குத்தினார்.

வராந்தா ஒரு மணிக்கு முன்பே காலியானது. கண்காணிப்பாளர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, மற்ற பிரிவுகளும் இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சூசைமாணிக்கத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஜுலைகா அந்த சீலை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் படித்தார். இங்க் பட்ட விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். சீலை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

*

தவசியப்பன் என்கிறவர் பேருந்து நிலையத்தில் மைக்கில் பஸ் நேரம் சொல்கிறவர். வயது ஐம்பத்துநாலு. சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று அவர் இழுத்துச் சொன்னால் தூங்குகிறவன் எழுந்து பையைத் தேடுவான். அந்த ஊரில் முகம் தெரியாமலே எல்லோருக்கும் தெரிந்த மனிதர் அவர். முப்பது வருஷமாக அந்தக் குரலில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

ஆகஸ்டில் வலது காது வலி என்று வந்தார். சூசைமாணிக்கம் காதைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சொட்டு மருந்து எழுதி சீல் குத்தி அனுப்பினார். செப்டம்பரில் வந்தார். அக்டோபரிலும் வந்தார். ஒவ்வொரு முறையும் காது சுத்தம், சொட்டு மருந்து, சீல். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை நாலாவது தடவையாக வந்தபோது, வரிசையைப் பிரித்துவிடுகிற ஊழியர் அவரை ஜுலைகாவின் மேசைக்கு அனுப்பினார்.

ஜுலைகா இடது காதைப் பார்த்தார். வலது காதைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. நாலு மாதமாக வலிக்கிற காது இப்படிச் சுத்தமாக இருக்கிறது என்றால் வலி வேறெங்கிருந்தோ, பெரும்பாலும் தொண்டையிலிருந்து, வருகிறது. கண்ணாடியை விளக்கில் காட்டி, புறங்கையில் வைத்துப் பார்த்து, தொண்டைக்குள் விட்டார். கண்ணாடியைச் சற்றுத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார்.

பிறகு சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அவரும் பார்த்தார். குரல்வளைக்குப் பக்கத்தில், வலதுபுறம், மழமழவென்று சிவந்திருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய ஒரு புண் இருந்தது. ஓரம் தடித்திருந்தது. அது என்னவாக இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று ஜுலைகா தவசியப்பனிடம் சொன்னார். எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னார். தவசியப்பன் தலையை ஆட்டினார். பிளாஸ்டிக் கவரிலிருந்து பழைய சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பி, இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டார்.

மூன்று சீட்டு. மூன்று சீல். மூன்றின் கீழும் சூசைமாணிக்கத்தின் கையெழுத்து.

ஜுலைகா அவற்றை அடுக்கி, நோயாளியின் ஃபைலில் வைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இன்னும் அறுபது பேர் இருந்தார்கள்.

*

ஓ.பி. முடிய இரண்டு மணி ஆனது. ஜுலைகா நெற்றியில் கட்டியிருந்த வட்டக் கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் பட்டை பதிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிச் சட்டத்தில் வைத்துக்கொண்டு, ஊழியர் கொண்டுவந்த டீயைக் குடித்தார். சூசைமாணிக்கம் எதிரே நோயாளி உட்காருகிற ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். திட்டு விழும் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட அவருக்குத் தோன்றியது.



"இருநூறு பேரை எப்படி மேடம் முழுசாப் பார்க்கிறது?" என்றார் கடைசியில்.

"முடியாது சார்."

"நீங்க பார்க்கிறீங்களே?"

ஜுலைகா ஓ.பி. பதிவேட்டைத் திறந்து தன் பக்கத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தார். சூசைமாணிக்கம் நாலு மாதமாக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை. எல்லோருக்கும் எதிரே எல்லாம் எழுதியிருந்தது. ஆனால் பல பெயர்களுக்கு எதிரே, சின்ன எழுத்தில், தொண்டை பார்க்கவில்லை. சிலவற்றில் மூக்கு பார்க்கவில்லை. காய்ச்சல் பரவியிருந்த ஒரு நாளில் வரிசையாகப் பதினெட்டுப் பேருக்குக் கழுத்து பார்க்கவில்லை.

அவர் பக்கங்களைப் புரட்டினார். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிற மாதிரி இப்படி யாராவது எழுதுவார்களா என்று அவருக்கு இருந்தது. மேலே உள்ளவர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

பார்த்தார்கள் என்றார் ஜுலைகா. இரண்டு மெமோ வந்தது. ஏன் பார்க்கவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நேரம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது மெமோ வரவில்லை. கூடுதல் ஆளும் வரவில்லை.

சூசைமாணிக்கம் பதிவேட்டை மூடினார். அவர் முட்டாள் இல்லை. பதினெட்டு வருஷம் தனியாக முடிவெடுத்த மனிதர். அவருக்குள் ஏதோ முரண்டு பிடித்தது.

"ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க," என்றார். "நான் பார்க்காம குறையில்லைன்னு குத்துறேன். நீங்க பார்க்காம பார்க்கலைன்னு எழுதுறீங்க. ரெண்டு பேருமே பார்க்கலை. நோயாளிக்கு இதுல என்ன வித்தியாசம்?"

ஜுலைகா டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுதாத ஓ.பி. சீட்டுகள் இரண்டை எடுத்தார். சூசைமாணிக்கத்தின் மேசைக்குப் போய் ஒன்றில் அவருடைய சீலைக் குத்தினார். மற்றதில் 'தொண்டை பார்க்கவில்லை' என்று எழுதினார். இரண்டையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் காதுவலி. நாளைக்கு உங்ககிட்டதான் வர்றாங்க. வெளியே இருநூறு பேர் நிக்கிறாங்க. யாரை வாயைத் திறக்கச் சொல்வீங்க?"

சூசைமாணிக்கம் இரண்டு சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் மாதத்துத் தவசியப்பன் அவருக்கு இப்போது ஞாபகம் வந்தார். பழைய சீட்டை வாங்கியதும் சூசைமாணிக்கம் ஆகஸ்ட் சீலைத்தான் முதலில் பார்த்தார். தொண்டை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று நினைத்தார். தான் குத்திய சீலைத் தானே நம்பினார். அக்டோபரில் இரண்டு சீல் இருந்தது. இன்னும் நன்றாக நம்பினார்.

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மேடம். சீலை எடுத்துப் பார்த்தீங்களே, அன்னைக்கு."

"சொல்லியிருக்கணும்," என்றார் ஜுலைகா. "எனக்கும் களைப்பா இருந்துச்சு சார். பெரியவராச்சே, பேசினா வளரும், நாளைக்குப் பேசலாம்னு விட்டேன். அப்புறம் வராந்தா காலியா இருந்தது எனக்கும் பிடிச்சிருந்தது."

அவர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு எழுந்து வார்டுக்குப் போனார்.

சூசைமாணிக்கம் சீலை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். போட்டதில் மனசு லேசாகவில்லை.

*

அடுத்த வாரம் சோதனை முடிவு வந்தது. புற்றுதான்.

வியாழக்கிழமைதோறும் புற்றுநோய்க்கான மருத்துவர் குழு கூடும். அறுவை மருத்துவர், கரண்ட் வைக்கிற, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், இன்னும் சிலர். யாருக்கு எந்த வைத்தியம் என்று அங்கேதான் முடிவாகும். தவசியப்பனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஏழு வாரம் கரண்ட் வைத்துப் பார்க்கலாம். சரியாக வந்தால் குரல் தங்கும். இல்லையென்றால் குரல்வளையை எடுத்துவிடலாம். உயிர் தங்கும், குரல் போய்விடும்.

எது என்பது பெரும்பாலும் புண்ணின் அளவைப் பொறுத்தது. தவசியப்பனின் புண் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அப்படி நிற்கும்போது, அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கேட்பார்கள். வேகத்தைச் சொல்ல அந்த ஃபைலில் மூன்று சீல் மட்டும்தான் இருந்தன.

புதன்கிழமை மத்தியானமே சூசைமாணிக்கத்துக்கு இது உறைத்துவிட்டது. ஜுலைகாவிடம் போனார். குழுவிடம் கேஸைப் படிக்கப்போவது அவர்தானே, அந்த மூன்று சீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அவரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டார். காரணம் எல்லாம் சொல்ல வேண்டாம். சும்மா ஒரு வார்த்தை. தனக்குப் படிப்பு இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது, வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், இந்த வயதில் ஒரு விசாரணை வந்தால் தாங்காது என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜுலைகா கேட்டுக்கொண்டார்.

"என்னன்னு சொல்றது சார்? நீங்க பார்க்கலைன்னா?"

"ஆமா மேடம்."

"நீங்க பார்க்கலைங்கிறது எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நான் என் மேசையில இருந்தேன். உங்க மேசையை நான் பார்க்கலையே."

சூசைமாணிக்கம் நிமிர்ந்தார். ஜுலைகாவின் முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. தூக்கம் போதாத முகம். பார்க்காததைப் பார்த்தேன் என்று அவர் சொல்லப்போவதில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் குழு கூடியது. ஜுலைகா கேஸைப் படித்தார். சீட்டில் இருந்ததை இருந்தபடி படித்தார். ஆகஸ்டில் குறை எதுவும் இல்லை. செப்டம்பரில் குறை எதுவும் இல்லை. அக்டோபரில் குறை எதுவும் இல்லை. நவம்பரில் இரண்டரை சென்டிமீட்டர்.

தலைமை அறுவை மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரே மாதத்தில் இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றால் இது ஓடுகிற புற்று, கரண்ட் வைத்து ஏழு வாரம் விளையாட முடியாது, எடுத்துவிடுவோம் என்றார். கரண்ட் பிரிவு மருத்துவருக்கும் வேறு சொல்லத் தோன்றவில்லை. எழுத்தர் பேனாவை எடுத்தார்.

சூசைமாணிக்கம் கடைசி பெஞ்சில் இருந்தார். ஜுலைகா திரும்பிப் பார்ப்பார் என்று பார்த்தார். ஜுலைகா ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசைமாணிக்கம் எழுந்து நின்றார். அந்த மூன்று தடவையும் தொண்டையைப் பார்க்கவில்லை, பார்க்காமலே சீல் குத்தினேன், அந்தப் புண் எப்போதிலிருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று சொன்னார். சொல்லி முடித்துவிட்டு உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

தலைமை அறுவை மருத்துவர் சத்தம் போட்டார். நாற்பத்தாறு வயது ஆளை இளைய டாக்டர்கள் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனாலும் பேசினார். பேசி முடித்த பிறகு அடுத்த நிமிஷமே வேலைக்குத் திரும்பினார்கள். காதுவலி நாலு மாதம் என்றால் புண்ணும் குறைந்தது நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம், அப்படியென்றால் இது மெல்ல வளர்கிறது, முதலில் கரண்ட் வைத்துப் பார்ப்போம் என்று முடிவானது. குரல் தங்கும் என்று கரண்ட் பிரிவு மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. தங்கலாம் என்று மட்டும் சொன்னார்.

சூசைமாணிக்கத்திடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவர் பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போனது. அவர் பயந்ததைவிடக் குறைவுதான்.

*

குழு கூடிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை தவசியப்பன் வராந்தாவில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். கரண்ட் வைக்கிற இடத்துக்குப் போகும் முன் இங்கே ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். மைக்கில் பேசிப் பழகிய ஆளுக்கு மெதுவாகப் பேச வராது. அறைக்குள் எல்லாம் கேட்டது.

மூன்று தடவை பார்த்தார்கள், மூன்று தடவையும் தொண்டை சுத்தம் என்று சீட்டிலேயே போட்டிருக்கிறதாம், இது இப்போதுதான் வந்திருக்கிறது, முளையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரி என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சூசைமாணிக்கம் வாசலைத் தாண்டி வந்ததும் எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

சூசைமாணிக்கம் உள்ளே போய் ஜுலைகாவின் பக்கத்தில் நின்றார். ஜுலைகா ஒரு கைக்குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காது.

"மேடம், அவர்கிட்டயும் சொல்லணுமா?"

ஜுலைகா குழந்தையின் காது மடலை மெல்ல இழுத்துப் பிடித்தார்.

"குழுவுக்குச் சொல்லியாச்சு. வைத்தியமும் மாறியாச்சு. மனுஷன் சந்தோஷமா இருக்கார். ஏழு வாரம் கஷ்டப்படப் போறார். முளையிலேயே கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு தெம்பு இருக்கு அவருக்கு. அதை எதுக்கு மேடம் கெடுக்கணும்?"

குழந்தை அழுதது. ஜுலைகா அதன் தலையை அடுத்த பக்கம் மெதுவாகத் திருப்பித் தாயின் மார்பில் சாய்த்தார்.

"தொண்டை அவரோடது சார்," என்றார்.

சூசைமாணிக்கம் வராந்தாவுக்குப் போய், தவசியப்பனைத் தன் மேசைக்குக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். தன் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். சுற்றி வளைத்துத்தான் வந்தது. கூட்டத்தைச் சொன்னார், கைவலியைச் சொன்னார், பாதியில் அதெல்லாம் காரணம் இல்லை என்று தானே நிறுத்திக்கொண்டார். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் உங்கள் தொண்டையை நான் பார்க்கவில்லை, சீட்டில் இருப்பது பொய் என்று சொன்னார்.

தவசியப்பன் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தார். திறக்கவில்லை.

"அப்ப ஆகஸ்ட்லயே இது இருந்துச்சா சார்?"

"தெரியலைங்க. நான் பார்க்கலை."

"சின்னதா இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கலாம்."

வரிசையில் முதலில் நின்ற பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்தார். ஊழியர் அவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். தவசியப்பன் தொண்டையைத் தொட்டுப் பார்க்கப் போனவர் பாதியில் கையை இறக்கிக்கொண்டார். கத்துவார் என்று சூசைமாணிக்கம் நினைத்தார். அவர் கத்தவில்லை. சாதாரணமாகப் பேசுகிற குரலையும் பாதியாகக் குறைத்துக்கொண்டு பேசினார்.

"நான் வாயத் தொறந்தேனே சார். மொதத் தடவ வந்தப்ப, இந்த ஸ்டூல்ல ஒக்காந்ததுமே தொறந்தேன். அங்கிட்டு அந்த அம்மாட்ட எல்லாரும் தொறக்காகளே, இங்கயும் தொறக்கணும் போலன்னு நானாத் தொறந்தேன். காதுக்குத்தானய்யா வந்திருக்கீக, வாய மூடுங்கன்னு நீங்கதான் சொன்னீக."

சூசைமாணிக்கம் யோசித்துப் பார்த்தார். அப்படிச் சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. சொல்லவில்லை என்றும் அவரால் சொல்ல முடியவில்லை.